ரூட் கேனால் செய்த பிறகும் பல் வலித்தால்: காரணம் தேடும் முழுமையான வழிகாட்டி

“நரம்பைத்தான் எடுத்தாச்சே, அப்புறம் எதுக்கு வலிக்குது?” வேர் சிகிச்சை முடித்து வீட்டுக்குப் போனவர்கள் மறுநாள் கேட்கும் முதல் கேள்வி இது. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் எடுத்தது பல்லுக்குள் ஓடிய நரம்பை மட்டும். பல் எலும்பில் ஆணி அடித்ததுபோல இறுகி நிற்பதில்லை. வேரைச் சுற்றி மெல்லிய நார்ச்சவ்வு ஒன்று, கயிற்றுக் கட்டிலில் கயிறு தாங்குவதுபோல, பல்லைத் தாங்கி நிற்கிறது. அந்தச் சவ்வுக்குத் தனி நரம்புகள் உண்டு. சோற்றில் கல் கடிபட்டதும் சட்டென்று வாயைத் திறக்க வைப்பவை அவைதாம். அவற்றை யாரும் எடுப்பதில்லை.

சிகிச்சையின்போது ஊசிபோன்ற ஃபைல் வேர்நுனி வரை போய் வருகிறது. கிருமியைக் கொல்ல சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலை விட்டுக் கழுவுகிறார்கள். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் உள்ளே இருந்த அழுகல் துணுக்குகளில் கொஞ்சம் நுனிக்கு வெளியே தள்ளப்படும். சவ்வு வீங்கும், வீங்கிய சவ்வு பல்லை மயிரிழை அளவு மேலே தூக்கும். அதனால்தான் கடிக்கும்போது வலிக்கிறது.

இதிலிருந்து ஒரு கணக்கு கிடைக்கிறது. நரம்பு எடுத்த பல் கடித்தால் வலிக்கலாம். ஜிகர்தண்டாவுக்கும் ஐஸ் தண்ணீருக்கும் கூசக் கூடாது. கூசினால் கூசுவது பக்கத்துப் பல்லாக இருக்கலாம், அல்லது அதே பல்லில் ஒரு கேனால், அதாவது வேருக்குள் நரம்பு ஓடும் குழாய், சுத்தம் செய்யாமல் விடுபட்டிருக்கலாம். இந்த ஒரு வித்தியாசத்தைக் கவனித்துச் சொன்னாலே டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

காத்திருக்கக் கூடாத வலி

மற்ற எல்லாவற்றையும் பிறகு பார்க்கலாம். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம், மாத்திரை, நாளை பார்க்கலாம் எல்லாம் கிடையாது.

தாடைக்கு அடியில் அல்லது நாக்குக்குக் கீழே வீங்கி, நாக்கு மேலே தள்ளப்படுவது, எச்சில் விழுங்க முடியாமல் வடிவது, குரல் மாறுவது, மூச்சுத் திணறுவது. வீக்கம் ஏறிக் கண் இமை மூடுவது. குளிர்காய்ச்சலோடு வீக்கம் மணிக்கு மணி பெரிதாவது. வாயில் ஒரு விரல்கூட நுழையாத அளவுக்குத் தாடை இறுகுவது. இவை சீழ் கழுத்துப் பக்கமோ கண் பக்கமோ பரவுவதன் அடையாளம். 108க்கு அழையுங்கள், அல்லது நேராகப் பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு, அதாவது மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போங்கள். உசிலம்பட்டி, மேலூர், பேரையூர்ப் பக்கம் இருப்பவர்கள் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மூச்சுக் குழாய் அடைபட்டால் பிறகு நேரம் இருக்காது.

இரண்டாவது, கீழ் உதடும் முகவாயும் மரத்தே கிடப்பது. கீழ்த்தாடைக்குப் போட்ட மரப்பு ஊசி பெரும்பாலும் 3 முதல் 5 மணி நேரத்தில் தெளிந்துவிடும். மறுநாள் காலையிலும் உதடு உணர்ச்சியில்லாமல் இருந்தால் உடனே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். கீழ்க் கடைவாய்ப் பற்களின் வேர்நுனிக்குப் பக்கத்திலேயே பெரிய நரம்பு ஒன்று ஓடுகிறது. அடைத்த பொருள் நுனியைத் தாண்டி அந்த நரம்பை அழுத்தியிருந்தால் முதல் ஓரிரு நாளில் எடுப்பதற்கும் ஒரு மாதம் கழித்து எடுப்பதற்கும் பலனில் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

மூன்றாவது, பல்லோடு சம்பந்தமே இல்லாதது. மாடி ஏறும்போது இடது தாடை வலித்து, உட்கார்ந்தால் அடங்குகிறது, கூடவே நெஞ்சு இறுக்கமோ வியர்வையோ இருக்கிறது என்றால் அது இதயம். பல் டாக்டரைத் தேடிப் போகாதீர்கள்.

முதல் படி: நாள் கணக்கு

இவை எதுவும் இல்லையென்றால் பதறத் தேவையில்லை. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், சிகிச்சை முடிந்த முதல் நாளில் 100 பேரில் சுமார் 40 பேருக்கு ஏதாவது வலி இருக்கிறது. ஒரு வாரத்தில் அது 11 பேர் அளவுக்கு இறங்கிவிடுகிறது. முதல் 2 நாள் வலி உச்சத்தில் இருக்கும், 3ஆம் நாளிலிருந்து இறங்கும், ஒரு வாரத்தில் மறந்துபோகும். கடித்தால் மட்டும் லேசாகத் தெரிகிற வலி இரண்டு வாரம் வரை இழுக்கலாம். சிகிச்சைக்கு முன்பே சீழ் கட்டி வலித்த பல் என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஆகும்.

ஆகவே முக்கியம் எத்தனை நாள் என்பது மட்டுமில்லை, எந்தத் திசையில் போகிறது என்பதுதான். ஒரு தாளில் காலை, மதியம், இரவு மூன்று வேளையும் வலிக்கு 0 முதல் 10க்குள் மார்க் போடுங்கள். மாத்திரை போட்ட நேரத்தையும் எழுதுங்கள். 7, 6, 4, 3 என்று இறங்கினால் நல்ல செய்தி. 4ஆம் நாளும் 7லேயே நின்றால் டாக்டரைப் பாருங்கள். 2இல் இருந்தது திடீரென்று 8 ஆனால் அன்றே பாருங்கள். நன்றாக இருந்த பல் மூன்று மாதம், ஆறு மாதம் கழித்து வலிக்கத் தொடங்கினால் அது ஆறும் வலியே இல்லை, புதிய பிரச்சினை.

சிகிச்சை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பாதியில், உள்ளே மருந்து வைத்து மேலே தற்காலிகச் சிமெண்ட் போட்டிருக்கிறார்களா? வேரை முழுதாக அடைத்தாயிற்றா? பல்லுக்கு மேல் மூடிபோல மாட்டும் கேப் போட்டாயிற்றா? மூன்றுக்கும் காரணங்கள் வேறு.

சீட்டில் 46, 26 என்று எழுதியிருப்பது பல்லின் முகவரி. முதல் இலக்கம் பக்கம்: 1 மேல் வலது, 2 மேல் இடது, 3 கீழ் இடது, 4 கீழ் வலது, எல்லாம் உங்கள் வலது இடது. இரண்டாவது இலக்கம் நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பது. 46 என்றால் கீழ் வலதில் ஆறாவது, அதாவது முதல் பெரிய கடைவாய்ப் பல். எக்ஸ்ரேயும் சீட்டும் ஒரே எண்ணைச் சொல்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

இரண்டாம் படி: வீட்டில் ஐந்து நிமிடச் சோதனை

நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு செய்யுங்கள்.

முதலில் சிமெண்ட் இருக்கிறதா பாருங்கள். தற்காலிகச் சிமெண்ட் 3, 4 மில்லிமீட்டர் கனம் இருந்தால்தான் எச்சிலை உள்ளே விடாது. அதுவும் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான். ஓரம் உடைந்து பள்ளம் தெரிந்தாலோ, வாயில் மருந்து வாடை கசப்பாக அடித்தாலோ, கிருமி மறுபடி உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. திருவிழா, அறுவடை, கல்யாணம் என்று அடுத்த சிட்டிங்கைத் தள்ளிப் போடுகிறவர்களுக்கு இதுதான் நடக்கிறது. சித்திரையில் தொடங்கிய பல்லை ஆடியில் முடிக்கலாம் என்றால் பல் ஒத்துக்கொள்ளாது.

அடுத்து ஈறு. பல்லின் வேர் இருக்கும் இடத்தில் பருக்கொப்புளம்போல ஏதாவது இருக்கிறதா, விரலால் அழுத்தினால் சீழ் வருகிறதா பாருங்கள். கொப்புளம் இருந்தால் வலி குறைவாகவே இருக்கும், சீழுக்கு வடிகால் கிடைத்துவிட்டதால். வலி இல்லையே என்று அதை விட்டுவிடக் கூடாது.

பிறகு தட்டிப் பாருங்கள். ஸ்பூன் காம்பால் முதலில் நல்ல பல்லை, பிறகு பக்கத்துப் பல்லை, கடைசியாகச் சிகிச்சை செய்த பல்லை மெதுவாகத் தட்டுங்கள். எது வலிக்கிறது? நோயாளி காட்டும் பல்லும் தட்டினால் வலிக்கும் பல்லும் வேறாக இருப்பது அடிக்கடி நடக்கும். ஈரப் பஞ்சை இறுக உருட்டி அந்தப் பல்லில் வைத்து மெல்லக் கடியுங்கள். கடிக்கும்போது வலிக்கிறதா, கடியை விடும்போது சுரீர் என்கிறதா என்று கவனியுங்கள். விடும்போது சுரீர் என்றால் விரிசல் சந்தேகம்.

ஐஸ் துண்டை ஒவ்வொரு பல்லாக இரண்டு மூன்று விநாடி வைத்துப் பாருங்கள். சிகிச்சை செய்த பல்லில் ஒன்றும் தெரியக் கூடாது. பக்கத்துப் பல்லில் கூச்சம் வந்து, ஐஸை எடுத்த பின்னும் அரை நிமிடத்துக்கு மேல் நின்றால் அதற்குள்ளும் சொத்தை இறங்கியிருக்கலாம்.

கடைசியாகப் பல்லுக்கு வெளியே. பற்களைக் கடித்தால் கன்னத்தில் திரளும் தசையை விரலால் பத்து விநாடி அழுத்துங்கள். “ஆமா, இதே வலிதான்” என்று தோன்றினால் காரணம் தசை. குனிந்து கோலம் போடுவதுபோல் தலையைத் தாழ்த்துங்கள். மேல் கடைவாய்ப் பற்கள் மூன்று நான்கு சேர்ந்து கனத்து வலித்தால், அதுவும் சளி பிடித்திருக்கும்போது, சைனஸ். வாயை நன்றாகத் திறந்து மூன்று விரலை நெட்டுக்கு நுழைத்துப் பாருங்கள். ஊசி போட்டதாலும் ஒரு மணி நேரம் வாயைத் திறந்தே வைத்திருந்ததாலும் தாடை பிடித்துக்கொள்வது உண்டு. இரண்டு விரல்தான் நுழைகிறது என்றால் ஒரு வாரம் மெதுவாகத் திறந்து மூடும் பயிற்சி போதும்.

வலிக்கு நம்மிடம் இருக்கும் சொற்கள்

“வலிக்குது டாக்டர்” என்று மட்டும் சொன்னால் எந்த டாக்டருக்கும் ஒன்றும் விளங்காது. தமிழில் வலிக்கு இருக்கும் சொற்கள் நோயைக் கண்டுபிடிக்கவே அமைந்தவைபோல இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்துங்கள். விண்ணு விண்ணு என்று நாடியோடு சேர்ந்து தெறிப்பதும், படுத்தால் கூடுவதும் உள்ளே அழுத்தமோ சீழோ இருப்பதைக் காட்டும். கடிக்கும்போது மட்டும் சுருக்கென்றால் பல் உயரமாக நிற்கிறது அல்லது விரிந்திருக்கிறது. சூடான காபிக்கு வலி எழும்பி நிமிடக்கணக்கில் நின்றால் விடுபட்ட கேனால். காலையில் எழுந்ததும் கன்னமெல்லாம் கடுகடுவென்றால் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்கள். முகம் கழுவும்போதோ காற்றுப் பட்டாலோ மின்னல் வெட்டியதுபோல் சில விநாடி அடித்து ஓய்ந்தால் முக நரம்பு வலி. எரிச்சலாக, நமநமவென்று, எதைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் நாள் முழுக்க ஒரே சீராக இருந்தால் அது வேறு வகை, கடைசியில் பார்ப்போம்.

மூன்றாம் படி: வலியை அடக்குவது

மாத்திரைக் கணக்கில்தான் மக்கள் அதிகம் தவறு செய்கிறார்கள். வேறு நோய் இல்லாத, 50 கிலோவுக்கு மேல் எடையுள்ள பெரியவருக்கு ஐபுப்ரோஃபென் 400 மி.கி., அதோடு பாராசிட்டமால் 500 அல்லது 650 மி.கி., சாப்பிட்ட பிறகு, 8 மணி நேரத்துக்கு ஒரு முறை. இரண்டும் சேர்ந்தால் தனித்தனியே போடுவதைவிட நன்றாகக் கேட்கும். முதல் மாத்திரையை மரப்பு தெளிவதற்கு முன்பே போட்டுவிடுங்கள்; வலி ஏறிய பிறகு துரத்துவது சிரமம். ஆனால் சாப்பாட்டை மரப்பு தெளிந்த பிறகு வைத்துக்கொள்ள வேண்டியிருப்பதால், மாத்திரைக்கு முன் ஒரு டம்ளர் பாலோ ஆறிய கஞ்சியோ குடித்தால் போதும். மரத்த வாயால் மென்றால் கன்னத்தையும் உதட்டையும் கடித்துக்கொள்வீர்கள், குழந்தைகள் முக்கியமாக.

ஐபுப்ரோஃபென் ஒரு நாளில் 1200 மி.கி.யைத் தாண்ட வேண்டாம். பாராசிட்டமால் எல்லாக் கணக்கும் சேர்த்து 3 கிராமுக்குள். “எல்லாக் கணக்கும்” என்பதில்தான் சிக்கல். காம்பிஃப்ளாமில் ஐபுப்ரோஃபென் 400, பாராசிட்டமால் 325 சேர்ந்தே இருக்கின்றன. ஜீரோடால் பி-யில் அசெக்ளோஃபெனாக்கோடு பாராசிட்டமால் 325. டோலோ 650 முழுக்கப் பாராசிட்டமால். டாக்டர் எழுதியது ஒன்று, மெடிக்கலில் கேட்டு வாங்கியது ஒன்று, வீட்டில் கிடந்தது ஒன்று என்று போட்டால் அளவு தெரியாமல் ஏறிவிடும். கீட்டோரால் என்னும் வலி மாத்திரை எழுதித் தந்திருந்தால் அதோடு ஐபுப்ரோஃபெனோ டைக்ளோஃபெனாக்கோ சேரவே கூடாது. அது 5 நாளுக்கு மேல் போடும் மருந்தும் இல்லை.

குடல்புண், சிறுநீரகக் கோளாறு, இதயத்தில் ஸ்டென்ட், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, வலி மாத்திரைக்கு இழுக்கும் ஆஸ்துமா, கர்ப்பம்: இதில் எது இருந்தாலும் ஐபுப்ரோஃபென் வகையைத் தானாக வாங்கிப் போடாதீர்கள், பாராசிட்டமாலோடு நின்று டாக்டரைக் கேளுங்கள். மழைக் காலத்தில் காய்ச்சலும் சேர்ந்து வந்தால், டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் மட்டும்.

ஆன்டிபயாட்டிக்? வீக்கமோ காய்ச்சலோ இல்லாத வெறும் வலிக்கு அது வேலை செய்யாது. பல்லுக்குள் இரத்த ஓட்டமே இல்லை, மருந்து எப்படிப் போய்ச் சேரும்? தூங்கா நகரத்தில் நள்ளிரவிலும் ஒரு மெடிக்கல் திறந்திருக்கும், “பல்வலிக்கு ரெண்டு வேளை குடுங்க” என்றால் அமாக்ஸிசிலினும் மெட்ரோனிடசோலும் கையில் வரும். இரண்டு நாளில் வலி குறைந்தால் மருந்தால் குறைந்ததாகத் தோன்றும். பெரும்பாலும் அது தானாகக் குறையும் நாள்தான். மெட்ரோனிடசோல் போடும் நாளில் மது குடித்தால் வாந்தி புரட்டி எடுக்கும் என்பதையும் சொல்லிவிடுவது நல்லது.

வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு டம்ளரில் அரை டீஸ்பூன் உப்பு, நாளுக்கு மூன்று நான்கு முறை, ஒவ்வொரு வாயும் அரை நிமிடம். முதல் 2 நாள் கன்னத்தில் துணி சுற்றிய ஐஸ், 15 நிமிடம் வைத்து 15 நிமிடம் எடுத்து. வீக்கம் இருக்கும் கன்னத்தில் உப்பு ஒத்தடம், தவிட்டு ஒத்தடம் வேண்டாம், வீக்கம் கூடும். இரவு ஒரு தலையணை கூடுதலாக வைத்துத் தலையை உயர்த்திப் படுத்தால் விண்விண் குறையும். கிராம்புத் தைலம் உயிருள்ள நரம்பை மரக்க வைக்கிற பொருள். நரம்பு எடுத்த பல்லில் அதற்கு வேலை இல்லை, ஈறுதான் வெந்துபோகும். கண்டங்கத்திரி விதைப் புகையும் அப்படியே. பல்லில் புழு இருந்ததும் இல்லை, புகைக்கு விழுந்ததும் இல்லை.

சாப்பாடு: முதல் நாள் ஆறின ரசம் சாதம், இட்லி, இடியாப்பம், தயிர் சோறு, மறுபக்கத்தில் மென்று. கேப் போடும்வரை அந்தப் பக்கம் முறுக்கு, சீடை, நல்லி எலும்பு, கரும்பு கூடாது. கடலை மிட்டாயும் ஜவ்வு மிட்டாயும் சிமெண்ட்டைப் பிடுங்கிக்கொண்டு வரும். வெற்றிலை சோழவந்தானுடையதாக இருக்கலாம், கூடப் போகும் கொட்டைப்பாக்குதான் பல்லைப் பிளப்பது.

நான்காம் படி: எதனால் என்று பிரித்துப் பார்ப்பது

கடித்தால் மட்டும் வலிக்கிறது, வாயை மூடினால் அந்தப் பல்தான் முதலில் முட்டுகிறது என்றால், பல் உயரமாக நிற்கிறது. வலி இழுத்துக்கொண்டே போவதற்கு மிகச் சாதாரணமான காரணம் இது, சரிசெய்ய மிக எளியதும் இதுவே. ஆனாலும் தவறிப் போகிறது. ஏன்? சிமெண்ட் வைத்ததும் “கடிச்சுப் பாருங்க” என்பார்கள். நோயாளி சாய்ந்து படுத்திருக்கிறார், பாதி வாய் மரத்திருக்கிறது. அப்போது கடிக்கும் கடி உண்மையான கடி இல்லை. வீட்டுக்கு வந்து, மரப்பு தெளிந்து, நிமிர்ந்து உட்கார்ந்து சோறு மெல்லும்போதுதான் மயிரிழை மேடு தெரியும். ஒவ்வொரு வாய்க்கும் அந்த மேடு சுத்தியல்போல அடித்துக்கொண்டிருந்தால் வீங்கிய சவ்வு எப்படி ஆறும்?

மறுநாளே போய் இப்படிக் கேளுங்கள்: “டாக்டர், இந்தப் பல் முதல்ல இடிக்குது. நிமிர்ந்து உட்கார்ந்து கடிச்சுக் காட்டுறேன், பேப்பர் வச்சுப் பாருங்க.” நீலமோ சிவப்போ உள்ள கலர் பேப்பரை வைத்து நேராகக் கடிக்கச் சொல்வார்கள். அதோடு நிற்காமல் கீழ்த்தாடையை இடதும் வலதும் அரைத்தும் காட்டுங்கள். மேடு பெரும்பாலும் பக்கவாட்டில்தான் மறைந்திருக்கும். அழுத்தமாகச் சாயம் ஒட்டிய புள்ளியைத் தேய்த்துவிட்டால் ஐந்து நிமிட வேலை. ஓரிரு நாளில் வித்தியாசம் தெரியும். புதிதாகப் போட்ட கேப்பிலும் இதே தொல்லை வரும், இதே தீர்வுதான். “கொஞ்ச நாள்ல பழகிடும்” என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள்.

சிட்டிங்குகளுக்கு நடுவிலோ, அடைத்த ஓரிரு நாளிலோ திடீரென்று பொறுக்க முடியாமல் வலித்துக் கன்னம் வீங்கினால், வேர்நுனியில் கிருமி கிளர்ந்துவிட்டது. சிகிச்சை தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. டாக்டர் பல்லைத் திறந்து சீழை வடியவிட்டுக் கழுவி, கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்து வைத்து மறுபடி மூடுவார். ஈறில் சீழ் திரண்டிருந்தால் கீறிவிடுவார். வலி தாங்காமல் ஊக்கால் சிமெண்ட்டைக் குத்தி எடுப்பவர்கள் உண்டு. கிருமிக்கு வாசல் திறந்துவிடுகிற வேலை அது.

விடுபட்ட கேனால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. ஒரு பல்லுக்கு ஒரு நரம்பு என்று நினைக்கிறோம். மேல் முதல் கடைவாய்ப் பல்லுக்கு மூன்று வேர், ஆனால் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அதில் நான்கு கேனால் இருக்கும். கன்னப் பக்கத்து முன்வேரில் ஒளிந்திருக்கும் அந்த நான்காவதை எம்.பி.2 என்பார்கள், முடி நுழையும் துவாரம்தான். கீழ்க் கடைவாயில் மூன்றோ நான்கோ இருக்கும்; கீழ் முன்பற்களில்கூட இரண்டு இருப்பது உண்டு. சாதாரண எக்ஸ்ரே தட்டையான நிழல். ஒன்றுக்குப் பின்னால் ஒன்று இருந்தால் ஒன்றாகவே தெரியும். அதனால் சற்றுக் கோணம் மாற்றி இரண்டாவது படம் எடுப்பார்கள், அதிலும் பிடிபடாவிட்டால் பல்லை முப்பரிமாணத்தில் காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேன். அந்த ஒரு பல் பகுதிக்கு மட்டும் எடுத்தால் போதும், தாடை முழுவதும் தேவையில்லை. விடுபட்ட கேனாலில் உயிருள்ள நரம்பு இருந்தால் சூட்டுக்கு வலிக்கும். செத்த நரம்பு இருந்தால் மாதக்கணக்கில் சும்மா இருந்துவிட்டுப் பிறகு சீழ் கட்டும். டாக்டரிடம் “எத்தனை கேனால் அடைச்சிருக்கீங்க?” என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. சீட்டில் எழுதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

வேர்நுனியைத் தாண்டிக் கொஞ்சம் சிமெண்ட் வழிந்திருப்பது எக்ஸ்ரேயில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். உதடு மரக்கவில்லை என்றால் பயப்பட வேண்டாம், ஓரிரு வாரம் கடித்தால் நோகும், பிறகு அடங்கும்.

விரிசல்தான் மனதைக் கெடுக்கும் காரணம். சொத்தைக்கும் சிகிச்சைக்கும் இழந்தது போக மிஞ்சிய பல் சுவர்கள் மெல்லியவை. கேப் போடாமல் வலி போய்விட்டதே என்று ஒரு வருடம் ஓட்டினால், ஒரு நாள் ஒரு கடியில் பிளந்துவிடும். அடைத்த பிறகு வலி தணிந்திருந்தால் ஒரு மாதத்துக்குள் கேப் போட்டுவிட வேண்டும், கடைவாய்ப் பற்களுக்குக் கட்டாயம். கேப்போடு சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் சிகிச்சையைத் தொடங்க வேண்டும். மேல்பகுதி விரிசல் என்றால் காப்பாற்ற வழியுண்டு. வேர் நெட்டாகப் பிளந்திருந்தால், டாக்டர் ஈறின் ஆழம் பார்க்கும் மெல்லிய அளவுகோல் ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஆழமாக இறங்கும், கொப்புளம் ஈறு விளிம்புக்குப் பக்கத்திலேயே வரும். பல வேர்ப் பல்லில் அந்த ஒரு வேரை மட்டும் வெட்டி எடுப்பது எப்போதாவது சாத்தியம், மற்றபடி எடுப்பதுதான்.

கேப் போட்ட பல்லுக்கும் பக்கத்துப் பல்லுக்கும் இடையில் கீரை நாரும் கறி நாரும் சிக்கிக்கொண்டே இருந்தால், வலிப்பது ஈறு. இடைவெளி சரியில்லை, கேப்பை மாற்ற வேண்டும். குச்சியால் குத்துவது நிலைமையைக் கெடுக்கும்.

ஐந்தாம் படி: டாக்டரிடம் கையில் என்ன கொண்டுபோவது

மார்க் போட்ட தாள், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே, மருந்துச் சீட்டுகள், சுகர் இருப்பவர்கள் கடைசி மூன்று மாதச் சராசரி அளவு. சுகர் கட்டுக்குள் இல்லாவிட்டால் எலும்பு ஆறுவது மெதுவாகும். முதலில் சிகிச்சை செய்தவரிடமே போவது நல்லது. உள்ளே என்ன இருந்தது என்று அவருக்குத்தான் தெரியும். இரண்டு முறை பார்த்தும் காரணம் பிடிபடவில்லை என்றால், வேர் சிகிச்சையிலேயே மேற்படிப்புப் படித்த எண்டோடான்டிஸ்டைப் பாருங்கள், மைக்ரோஸ்கோப் வைத்திருப்பவராக இருந்தால் மேல். பல் மருத்துவக் கல்லூரிகளில் இதற்குத் தனித் துறையே உண்டு. மதுரை கிழக்கு வெளி வீதியில் சி.எஸ்.ஐ. பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கல்லூரியில் நேரம் பிடிக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.

எந்தப் பல் என்பதே சந்தேகமாக இருந்தால், மேல் தாடையை மட்டும் மரக்க வைத்துப் பார்க்கச் சொல்லலாம். மரத்தும் வலி நிற்கவில்லை என்றால் அந்தத் தாடைப் பல் குற்றவாளி இல்லை.

எக்ஸ்ரேயில் நுனியில் கறுப்பு இருக்கிறது, ஆகவே சிகிச்சை தோல்வி என்று ஒரு மாதத்தில் யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். அரிக்கப்பட்ட எலும்பு மறுபடி வளர 6 மாதம் முதல் 1 வருடம் ஆகும், பெரிய கட்டி என்றால் அதற்கும் மேல். கறுப்பு சுருங்குகிறதா வளர்கிறதா என்பதே பார்க்க வேண்டியது. உண்மையிலேயே தோற்றிருந்தால் முதலில் பழைய அடைப்பை எடுத்து மறுசிகிச்சை. அது முடியாத இடத்தில் ஈறைத் திறந்து வேர்நுனியில் சுமார் 3 மில்லிமீட்டரை வெட்டி அடைக்கும் சிறு அறுவை.

பல்லை எடுத்துவிடலாமா?

“போதும் சாமி, புடுங்கிப் போட்டுருங்க” என்று சொல்ல வைக்கிற வலி இது. எடுப்பதற்கு முன் ஒரே கேள்வி: காரணம் தெரிந்துவிட்டதா? 6 மாதம் கடந்தும் வலி இருப்பவர்கள் 100க்கு சுமார் 5 பேர். அதில் பாதிக்கு மேற்பட்டவர்களின் வலி பல்லிலிருந்தே வருவதில்லை. தசை, தாடை மூட்டு, சைனஸ், முக நரம்பு, அல்லது காயம் ஆறிய பின்னும் அடங்காமல் துடிக்கும் நரம்பின் வலி. கடைசி வகையில் எக்ஸ்ரேயும் ஸ்கேனும் சுத்தமாக இருக்கும், தட்டினால் பெரிய வித்தியாசம் தெரியாது, ஊசி போட்டாலும் முழுதாக அடங்காது. பல்லை எடுத்தால் வலி அந்தக் குழியிலேயே நிற்கும், அல்லது அடுத்த பல்லுக்கு நகர்ந்துவிட்டதாகத் தோன்றும். அதையும் எடுத்து, அடுத்ததையும் எடுத்து, வரிசையே காலியான பிறகும் வலி மட்டும் மிஞ்சியவர்கள் இருக்கிறார்கள். இந்த வலிக்கு மருந்து வேறு: குறைந்த அளவு அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்றவை, மின்னல் வெட்டும் முக நரம்பு வலிக்குக் கார்பமசெபின். நரம்பியல் மருத்துவர் இரத்தப் பரிசோதனையோடு அளவைப் பார்த்து ஏற்றுவார். பெரியாஸ்பத்திரியில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. பலன் தெரிய வாரங்கள் ஆகும். இரண்டு நாள் போட்டுவிட்டுக் கேட்கவில்லை என்று நிறுத்தக் கூடாது.

மேல் பல்லை எடுத்தால் கண் போய்விடும் என்று பயந்து, எடுத்தே ஆக வேண்டிய பிளந்த வேரை வைத்துக்கொண்டு சீழோடு காலம் தள்ளுகிறவர்களும் உண்டு. கண்ணுக்குப் போகும் நரம்பு வேறு, பல்லுக்கு வரும் நரம்பு வேறு. பார்வைக்கு ஆபத்து பல்லை எடுப்பதால் இல்லை, சீழை அப்படியே விடுவதால்.

வலி அடங்கிய பிறகும் 6ஆம் மாதமும் 1 வருடம் கழித்தும் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். பழைய படங்கள் கிளினிக்கிலேயே கிடக்கும் என்று நம்ப வேண்டாம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் போனில் ஒரு போட்டோ எடுத்து, பல் எண்ணும் தேதியும் எத்தனை கேனால் என்பதும் எழுதி வையுங்கள்; அடுத்த படத்தை அதோடுதான் ஒப்பிட வேண்டியிருக்கும்.